கையெழுத்துக்குக் காத்திருந்த சித்திரக்கதை

(நூற்றாண்டு விழாவை ஒட்டி நூலகத்தில் சித்திரக்கதைப் பகுதி கையளிக்கப்பட்டபோது, 1990ஆம் ஆண்டு ஐந்தாம் வகுப்பு மாணவியர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



அழைப்பிதழில் ஒரு வைத்தியரின் பெயர் மட்டுந்தான் இருக்கிறது. ஆனால் பேசப்போவது 1990ஆம் ஆண்டின் ஐந்தாம் வகுப்பு முழுவதும். மேடையில் ஏறச் சொல்லி எல்லோரும் எல்லோரையும் தள்ளிவிட்டதில், ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து நின்றவர் இவர், அவ்வளவுதான். ஆகவே இந்தப் பேச்சில் 'நாங்கள்' என்றுதான் வரும். எங்கள் வகுப்பில் எந்தக் குழப்படியையும் ஒருவர் தனியாகச் செய்ததில்லை என்பதை முன்வரிசையில் இருக்கும் ஆசிரியைமார் அறிவார்கள்.

சித்திரக்கதைகளுக்கென்று ஒரு அலுமாரி தருகிறோம் என்று எங்கள் வகுப்பு சொன்னபோது, பழைய மாணவியர் சங்கத்தில் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். வைத்தியரும் ஆசிரியைமாரும் வங்கி முகாமையாளரும் இருக்கிற வகுப்பு, கலைக்களஞ்சியம் தரக்கூடாதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு மறுமொழியாகத்தான் இந்தக் கதையைச் சொல்கிறோம்.

எங்களுக்கு முதலில் கிடைத்த கொமிக் புத்தகத்துக்கு அட்டை இல்லை. கடைசிப் பக்கங்களும் இல்லை. தலைமன்னார் பியரில் சுமை தூக்கும் வேலை பார்த்த ஒருவரின் மகள் எங்கள் வகுப்பில் படித்தாள். இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே இராமானுஜம் கப்பல் ஓடிய காலத்தில், இந்தியாவிலிருந்து வந்த பயணி யாரோ விட்டுவிட்டுப் போன புத்தகம் அது. 1980களின் முதற்பாதியில் கப்பல் நின்றுபோயிற்று. புத்தகம் மட்டும் அவர்கள் வீட்டில் தங்கிவிட்டது. எங்கள் கைக்கு வந்தபோது அதில் பாதி மடிப்பு, பாதி கிழிசல். ஒரு பக்கத்தில் கருவாட்டு மணங்கூட இருந்தது.

அதற்கு முன்பு நாங்கள் அறிந்தது அம்புலிமாமாதான். விக்கிரமாதித்தன் தோளில் பிணத்தைத் தூக்கிக்கொண்டு போகும் அந்தப் படத்தை மறக்க முடியுமா? அந்தப் படங்களின் மூலையில் 'சங்கர்' என்று சின்னதாக ஒரு கையெழுத்து இருக்கும். ஒரு படத்தை யாரோ ஒருவர் உட்கார்ந்து கீறியிருக்கிறார், அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று எங்களுக்கு முதலில் சொன்னது அந்தக் கையெழுத்துத்தான். 1950களில் அந்த இதழில் சேர்ந்த ஓவியர் சங்கர், தொண்ணூறு வயதுக்குப் பிறகும் கீறிக்கொண்டிருந்தார். 2020-இல் மறைந்தார். அடுத்த ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தது. எழுபது வருடமாய்க் கோடு போட்ட கைக்கு அது மிகவும் பிந்திய மரியாதை என்பது எங்கள் வகுப்பின் ஏகமனதான தீர்மானம்.

அட்டையில்லாத புத்தகத்தில் அப்படி எந்தக் கையெழுத்தும் இல்லை. அதன் நாயகன் இரும்புக்கை மாயாவி. ஆய்வுகூட உதவியாளன். விபத்தில் வலது கையை இழந்தவன். அந்த இடத்தில் உருக்குக் கை பொருத்தியிருக்கும். மின்சாரம் தாக்கினால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். இன்று எங்களுள் வைத்தியத் தொழிலுக்கு வந்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கிறது. பிள்ளைகளே, மின்சாரம் தாக்கினால் உடம்பு மறையாது. தோல் எரியும், இதயத்தின் துடிப்பு குழம்பும், ஆளே போய்விடலாம். மாயாவியைப் பார்த்து யாரும் பிளக்கில் விரலை விடவேண்டாம். ஆனால் ஒன்றை மட்டும் அந்தக் கதை சரியாகச் சொன்னது. கையை இழந்த ஒருவன் கதையின் நடுவில் நின்றான். பிற்காலத்தில் மிதிவெடியில் கால் போனவர்களும் ஜெய்ப்பூர் கால் பொருத்தியவர்களும் எங்கள் ஊர்த் தெருக்களில் நடந்தபோது, அவர்களை ஏறிட்டுப் பார்க்க எங்களுக்குக் கூச்சம் இருக்கவில்லை. அதில் மாயாவிக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

புத்தகத்தின் உள்ளே ஓரிடத்தில் 'முத்து காமிக்ஸ்' என்று அச்சிட்டிருந்தது. முத்து என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒரே முத்துத்தான். மன்னார்க் குடாவின் முத்துக் குளிப்பைப் பற்றிச் சுற்றாடல் பாடத்தில் படித்திருந்தோம். முத்துக் குளிப்பைப் பார்வையிட ஆளுநர் நோர்த் கட்டிய டொரிக் மாளிகையின் இடிபாடு அரிப்பில் கடலோரம் இன்றும் நிற்கிறது. முத்து காமிக்ஸ் கந்தோர் அந்த அரிப்பிலேதான் இருக்கவேண்டும் என்று எங்களுள் ஒருத்தி தீர்மானமாகச் சொன்னாள். அவள்தான் இந்தக் கதையின் நாயகி. எருக்கலம்பிட்டியிலிருந்து பஸ்ஸில் வருவாள். தகப்பனார் கடற்றொழில் செய்தவர். எங்கள் எல்லோரிலும் அவளுக்குத்தான் படம் கீற வரும். மற்றவர்கள் வீடு கீறினால் முக்கோணமும் சதுரமும் இருக்கும். அவள் கீறினால் வாசலில் ஆள் இருப்பது தெரியும்.

அவள் கடிதம் எழுதினாள். 'ஆசிரியர், முத்து காமிக்ஸ், அரிப்பு, மன்னார்' என்று விலாசம். புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள் இல்லை, தயவுசெய்து முடிவை எழுதி அனுப்பவும், அதோடு இந்தப் படங்களைக் கீறியவரின் கையெழுத்தை இத்துடன் இணைத்துள்ள கடதாசியில் வாங்கி அனுப்பவும் என்பது கடிதத்தின் சாரம். முத்திரைக்குச் சில்லறை நாங்கள் எல்லோரும் சேர்த்தோம். இரண்டு கிழமைக்குப் பிறகு, அப்படி ஒருவரும் இல்லை என்ற குறிப்புடன் கடிதம் திரும்பி வந்தது. அவள் அழவில்லை. 'அப்ப முடிவை நானே கீறுறன்' என்றாள்.

அந்தக் கடிதம் எங்கே போயிருக்கவேண்டும் என்பது வளர்ந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. முத்து காமிக்ஸ் வந்தது சிவகாசியிலிருந்து. நாட்காட்டியும் தீப்பெட்டி லேபிளும் அடிக்கிற அச்சகங்களின் ஊர். 1972-இல் சௌந்தரபாண்டியன் அங்கே அதைத் தொடங்கினார். இரும்புக்கை மாயாவிதான் முதல் புத்தகம். அவருடைய மகன் விஜயன் 1984-இல் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே ஆண்டில் ராணி காமிக்ஸும் வந்தது. ராணியில் 'முகமூடி மாயாவி' என்று வேறொருவர் வருவார். அவர் முத்து காமிக்ஸின் வேதாளர். எந்த மாயாவி உண்மையான மாயாவி என்று எங்களுக்கு மூத்த வகுப்பு அக்காமார் பிரிந்து சண்டை பிடித்ததும் உண்டு. அவர்களுள் சிலர் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள், பெயர் சொல்லமாட்டோம்.

சிவகாசிக்கும் மாயாவி வந்தவர்தான். லண்டனில் 1962-இல் தொடங்கிய 'வேலியன்ட்' என்ற சிறுவர் வார இதழில், முதல் இதழிலிருந்தே ஓடிய கதை அது. கீறியவர் ஹெசூஸ் பிளாஸ்கோ. ஸ்பெயின் நாட்டவர், பார்சிலோனாக்காரர், 1919-இல் பிறந்தவர். அவரது உடன்பிறந்தவர்களும் சித்திரக்கதைத் தொழிலில் அவருடன் இருந்தார்கள். ஸ்பெயினில் உள்நாட்டு யுத்தம் தொடங்கியபோது அவருக்குப் பதினாறு வயது. இந்த ஒரு தகவலை அறிந்த அன்று எங்கள் வட்ஸ்அப் குழுவில் கொஞ்ச நேரம் யாரும் எதுவும் எழுதவில்லை.

அவருடைய பெயர் எங்கள் புத்தகத்தில் இல்லாமற் போனதற்குச் சிவகாசிக்காரரைக் குறை சொல்லமுடியாது. அந்தக் காலத்துப் பிரித்தானியச் சிறுவர் இதழ்களில் எழுதியவர், கீறியவர் எவருடைய பெயரும் போடமாட்டார்கள். ஓவியர் மூலையில் கையெழுத்து வைத்தால் அதையும் அழித்துவிட்டு அச்சடிப்பார்கள். 1977-இல் '2000 ஏ.டி.' என்ற இதழ் வந்த பிறகுதான் அங்கே பெயர் போடும் வழக்கம் நிலைத்தது. லட்சக்கணக்கான பிள்ளைகள் படித்த கதை, கீறியவர் ஆரென்று அவர்களுக்குத் தெரியாது. உடம்பு மறைந்து கை மட்டும் தெரிகிற நாயகனைக் கீறியவருக்கும் அதே கதிதான் நேர்ந்திருக்கிறது. 1995-இல் அவர் இறந்தபோது எங்களுக்குப் பதினைந்து வயது. அப்போது நாங்கள் இருந்த இடங்களுக்கு அந்தச் செய்தி வந்திருக்க வழியில்லை.

இனி எங்கள் புத்தகத்துக்கு வருவோம்.

அவள் ஒரு சீ.ஆர். கொப்பியில் கீறத் தொடங்கினாள். ஒவ்வொரு பக்கத்திலும் நாலு கட்டம். கட்டங்களை அடிமட்டம் வைத்துப் பென்சிலால் போடுவது எங்கள் வேலை, அதற்கு முறை வைத்திருந்தோம். நீல வானத்துக்கு உடுப்புக்குப் போடும் நீலம். மண்ணுக்குத் தேயிலைச் சாயம். இரத்தத்துக்குச் செவ்வரத்தம்பூவைப் பறித்து வந்து தேய்த்தோம். செவ்வரத்தம்பூவைக் கடதாசியில் தேய்த்தவர்களுக்குத் தெரியும், அது சிவப்பாக வராது, ஊதாவாகத்தான் வரும். ஆகவே எங்கள் மாயாவியின் கதையில் கள்வர் எல்லோருக்கும் ஊதா இரத்தம்.

மாயாவி தலைமன்னாரில் வந்து இறங்குகிறார். அன்றைக்கென்று பார்த்து மன்னார் முழுக்க மின்வெட்டு. மின்சாரம் இல்லாமல் மாயாவி எப்படி மறைவது? இந்தச் சிக்கலை அவள் தீர்த்த விதத்தை லண்டன் எழுத்தாளர்கள் கேட்டிருந்தால் தொப்பியைக் கழற்றியிருப்பார்கள். மாயாவி கடலில் இறங்கி மின்திருக்கை ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார். வலையில் அந்தத் திருக்கை அகப்பட்டால் கை விறைத்துப்போகும் என்று அவளுடைய வாப்பா சொல்லியிருந்தாராம். பத்து வயதுப் பிள்ளை தன் வீட்டில் கேட்டதை எடுத்துக் கதையின் முடிச்சை அவிழ்த்தாள். மறைந்த மாயாவி இராமர் அணையின் மணல்திட்டுகளில் நடந்து, முத்துக் களவெடுத்த கப்பலைத் தேடிப் போகிறார். மணலில் காலடி மட்டும் விழுகிறது. அந்தக் காலடிகளை மோந்துகொண்டு பின்னால் ஒரு கழுதை வருகிறது. மன்னாரில் கழுதை வராத கதை ஒரு கதையா?

கொப்பி ஒரு நாள் தமிழ்ப் பாடவேளையில் பிடிபட்டது. டீச்சர் வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். வகுப்பில் ஒரு சத்தமில்லை. அவள் முகத்தில் இரத்தம் வற்றிப்போயிற்று. அடுத்த நாள் காலை கொப்பி அவளுடைய மேசையில் இருந்தது. டீச்சர் முழுவதையும் வாசித்திருந்தார். பேச்சுக் கூடுகளுக்குள் இருந்த எழுத்துப் பிழைகளை எல்லாம் சிவப்பு மையால் திருத்தியிருந்தார். 'கறை' வரவேண்டிய இடத்தில் 'கரை', 'பறந்தது' என்பதற்குப் 'பரந்தது'. கடைசியாகக் கீறிய பக்கத்தின் அடியில் பத்துக்கு ஏழு புள்ளி. 'பார்வையிட்டேன்' என்று எழுதி, கையெழுத்து, திகதி 12.03.1990. எங்கள் முதல் சித்திரக்கதைப் புத்தகத்தில் விழுந்த முதல் கையெழுத்து அதுதான். டீச்சர் இன்று எங்கள் மத்தியில் இல்லை. இந்த வருடம் பள்ளிக்கூடத்துக்கு வந்த இளம் ஆசிரியைமாருக்கு அவரைப் பற்றி ஒன்று சொல்லச் சொன்னால், நாங்கள் இதைத்தான் சொல்வோம்.

அந்தப் புள்ளி வந்த பிறகு எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. கொப்பி ஒவ்வொரு இரவும் ஒருவருடைய வீட்டுக்குப் போகும், காலையில் திரும்ப வரவேண்டும். இரவல் பட்டியல்கூட இருந்தது. இருபத்துநான்கு பக்கம் முடிந்திருந்தது. கதை முடியவில்லை. கடைசிக் கட்டத்தில் இரும்புக் கை ஒன்று அலைக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கிறது. முழுவதும் முடிந்தபிறகு அட்டையில் எல்லோருக்கும் முன்னால் கையெழுத்து வைப்பேன், அதற்கு முன் வைக்கமாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தாள். நாங்கள் அதற்கென்று ஒரு நாளும் குறித்திருந்தோம். புலமைப்பரிசில் பரீட்சை முடிகிற நாள்.

1990 ஜூன் மாதம் யுத்தம் திரும்பத் தொடங்கியது. பள்ளிக்கூடம் கடைசியாக நடந்த அன்று கொப்பி வீட்டுக்குக் கொண்டுபோகும் முறை எங்களுள் ஒருவருடையது. பெரிய பாலம் தகர்ந்தது. எங்களில் பலர் குடும்பத்தோடு மடுவுக்குப் போனோம். சிலர் பேசாலையில் இருந்தோம், சிலர் வள்ளம் ஏறி இராமேஸ்வரம் போய் மண்டபம் முகாமில் பதிந்தோம். மடுவில் மரத்தடியில் தறப்பாள் கட்டி இருந்த காலத்தில், பிறப்புச் சான்றிதழ்களும் உறுதிகளும் வைத்திருந்த பிஸ்கற் தகரத்துக்குள் அந்தக் கொப்பியும் இருந்தது. அம்மா கேட்டாராம், இதென்ன குப்பை என்று. இது என்னுடையதில்லை அம்மா, திருப்பிக் கொடுக்கவேண்டியது என்று பிள்ளை சொன்னதாம். அதன் பிறகு அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

அதே ஆண்டு ஒக்டோபர் கடைசியில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். எழுபதாயிரத்துக்கும் அதிகமானோர். எருக்கலம்பிட்டிச் சனங்கள் கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்குப் போனார்கள். எங்கள் வகுப்பில் எருக்கலம்பிட்டியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் வந்துகொண்டிருந்த ஒன்பது பேர் அதோடு இல்லாமற் போனார்கள். மடுவில் இருந்த எங்களுக்கு அது செய்தியாக வந்து சேரக் கொஞ்ச நாள் எடுத்தது. கொப்பியைத் திருப்பிக் கொடுக்க ஆளில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

மடுவில் நாங்கள் நாலு பேர் மிச்சக் கதையைக் கீறினோம். மழைக்காலம், செய்வதற்கு ஒன்றுமில்லை, கொப்பியில் வெற்றுப் பக்கங்கள் இருந்தன. பதினொரு பக்கம். அவை எவ்வளவு மோசமான படங்கள் என்பதை நீங்கள் அந்தப் பிரதியைத் திறந்து பார்த்தால் அறிவீர்கள். ஒரு கட்டத்தில் மாயாவியின் இரும்புக் கையில் ஆறு விரல். அந்தக் கட்டத்தைக் கீறியவர் பின்னாளில் மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியலில் திறமைச் சித்தி பெற்றார் என்பதை இங்கே பதிந்துவைக்கிறோம். எங்கள் பக்கங்களில் முத்துக் கப்பலை விட்டுவிட்டு மாயாவி வேறு வேலை பார்க்கிறார். மறைந்து மறைந்து போய் அரிசி கொண்டுவருகிறார், சவர்க்காரம் கொண்டுவருகிறார், ஒரு தடவை பற்றறி கொண்டுவருகிறார். அந்த நாட்களில் வாழ்ந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. யார் வந்தாலும் பிடிபடாமல் தடையைத் தாண்டிப் போய்வரக்கூடிய ஒருவர் எங்களுக்குத் தேவைப்பட்டார்.

பிறகு வருடங்கள் போயின. பிஸ்கற் தகரம் மடுவிலிருந்து தீவுக்குத் திரும்பியது, வீடு மாறியது, கலியாணம் முடித்து இன்னொரு வீட்டுக்குப் போயிற்று. மூன்றாம் பக்கத்திலிருந்து ஆறாம் பக்கம் வரை ஒரு மூலையைக் கறையான் தின்றது. 2010-இல் புதுப் பாலம் வந்தது. 2015-இல் தலைமன்னாருக்கு ரயில் திரும்பி வந்தது. கொப்பிக்கு உரியவரைத்தான் நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. அகதி முகாம்களிலிருந்தும் குடியேற்றங்களிலிருந்தும் ஒருவரைத் தேடுவதற்கு, அவரது சொந்தப் பெயரும் தகப்பனார் பெயரும் போதாது. பெண்பிள்ளைகள் கலியாணத்தோடு ஊரும் மாறிவிடுவார்கள்.

கடைசியில் பரீட்சைத் திணைக்களந்தான் உதவியது, அதுவும் தனக்குத் தெரியாமலே. எங்களுள் ஆசிரியையாக இருக்கும் ஒருவர் சாதாரண தர விடைத்தாள் திருத்தும் பணிக்காக அநுராதபுரம் போயிருந்தார். தேநீர் இடைவேளை. பக்கத்து மேசையில் புத்தளத்திலிருந்து வந்த விஞ்ஞான ஆசிரியை ஒருவர், கதை பேசிக்கொண்டே கழிவுக் கடதாசியில் பேனையை ஓட்டிக்கொண்டிருந்தார். எங்களவர் எட்டிப் பார்த்தார். கடதாசியில் ஒரு கை. மூட்டுக்கு மூட்டு ஆணி அடித்த கை. அதன் கீழே மூன்று அலைக்கோடு.

'நீங்கள் எருக்கலம்பிட்டியா?' என்று மட்டும் கேட்டாராம். அதன் பிறகு அந்த மேசையில் அன்று எத்தனை விடைத்தாள் திருத்தப்பட்டது என்று நாங்கள் விசாரிக்கவில்லை. அந்த வருடம் அங்கே திருத்தப்பட்ட பிள்ளைகளுக்கு அநியாயம் நடந்திருக்காது என்று நம்புகிறோம்.

அடுத்த விடுமுறையில் ஒரு வான் பிடித்து மதவாச்சி, அநுராதபுரம் சுற்றிப் புத்தளம் போனோம். ஆறு பேர். மடியில் பிஸ்கற் தகரம். போகும் வழியெல்லாம் வாய் ஓயாமல் கதைத்தவர்கள், அவருடைய வீட்டு வாசலில் இறங்கியதும் வாயடைத்துப்போனோம். முப்பது வருடத்தில் எங்களுக்கு நரை விழுந்திருந்தது. அவருக்குக் கண்ணாடி வந்திருந்தது. உம்மாவுக்குக் காது கேட்பது குறைவு. எங்களில் ஒருவரைக் கையில் பிடித்துக்கொண்டு, 'பள்ளிக்கூடத்துப் புள்ளைகளா?' என்று திரும்பத் திரும்பக் கேட்டார். சாப்பிடாமல் எதுவும் பேசக்கூடாது என்பது அந்த வீட்டின் சட்டம். சாப்பிட்டோம்.

பிறகு கொப்பியை எடுத்துக் கொடுத்தோம். அவர் தன்னுடைய பக்கங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். டீச்சரின் சிவப்பு மையைத் தடவிப் பார்த்தார். கற்பிட்டிக்குப் போன முதல் வருடம், இந்தக் கதையை ஞாபகத்திலிருந்து சீமெந்துப் பைக் கடதாசியில் திரும்பக் கீறியதாகவும், ஓலைக் குடிசையில் மழைக்கு அது நனைந்து போனதாகவும் சொன்னார். அதற்குப் பிறகு கதை கீறவில்லையாம். விஞ்ஞானப் பாடத்துக்கு இதயமும் சிறுநீரகமும் கரும்பலகையில் கீறுவதோடு சரி. அந்தப் பாடசாலையில் மற்ற வகுப்பு ஆசிரியர்களும் அவரைக் கூப்பிட்டுத்தான் படம் போடுவிப்பார்களாம்.

எங்கள் பதினொரு பக்கத்துக்கு வந்ததும் அவர் சிரிக்கத் தொடங்கினார். ஆறு விரலைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அரிசி கொண்டுவரும் கட்டத்தில் சிரிப்பு நின்றது. 'அங்கேயும் இப்பிடித்தானா?' என்று கேட்டார். இப்படித்தான் என்றோம்.

அட்டையில் கையெழுத்து வைக்கச் சொல்லிப் பேனையை நீட்டினோம். அவர் வாங்கவில்லை. 'இதுல பதினொரு பக்கம் நான் கீறினது இல்ல. கீறினவங்க முதல்ல வைக்கட்டும்' என்றார். நாங்கள் எவ்வளவோ மறுத்துப் பார்த்தோம். அவர் விடவில்லை. விடைத்தாள் திருத்துகிறவருடைய கண்டிப்பு. ஆகவே நாங்கள் நாலு பேரும் அவரவர் கீறிய பக்கத்தின் அடியில் கையெழுத்து வைத்தோம். எங்களுள் வைத்தியத் தொழிலில் இருப்பவர்கள் வெளிநோயாளர் பிரிவில் ஒரு நாளைக்கு நூறு தடவைக்கு மேல் கையெழுத்து வைக்கிறோம். மருந்துத் துண்டு, மருத்துவச் சான்றிதழ், இறப்பை உறுதிசெய்யும் படிவம். அந்தக் கிறுக்கலை எவராலும் வாசிக்கமுடியாது என்பது ஊரறிந்த பகிடி. அன்று மட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பிரித்து, வாசிக்கக்கூடியதாக எழுதினோம்.

அதன் பிறகு அவர் அட்டையில் கையெழுத்து வைத்தார். சிறுபிள்ளையில் எழுதிய மாதிரி, தகப்பனாரின் முதலெழுத்துப் போட்ட பழைய பெயர். அதன் கீழே அன்றைய திகதி. அதற்கும் கீழே ஒரு கோடு போட்டு இடம் என்று எழுதினார். நாங்கள் இருந்தது புத்தளத்தில். அவர் எழுதியது எருக்கலம்பிட்டி.

இனி அலுமாரியைப் பற்றிச் சில விபரங்கள். அதில் அம்புலிமாமாவின் பழைய இதழ்கள் கட்டியவை இருக்கின்றன. சிவகாசியிலிருந்து வருவித்த லயன், முத்து காமிக்ஸ் மறுபதிப்புகள், தமிழில் வந்த அமர் சித்திரக் கதைகள் இருக்கின்றன. உயர்தர மாணவியருக்காக 'வன்னி' என்ற ஆங்கிலச் சித்திர நாவலும் உண்டு. ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணியில் வன்னியில் இருந்த பெஞ்சமின் டிக்ஸ் எழுதி, லின்ட்சி பொலொக் கீறி 2019-இல் வெளிவந்தது. ஒரு குடும்பத்தை ஆழிப்பேரலையிலிருந்து யுத்தத்தின் முடிவு வரை தொடர்கிற புத்தகம். அதைச் சிறிய பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டாம், பெரிய பிள்ளைகளும் ஆசிரியையோடு சேர்ந்து வாசிப்பது நல்லது. இது வைத்திய ஆலோசனை.

எங்கள் கொப்பியின் மூலப் பிரதி இங்கே இல்லை. அது அவருடையது, அவரிடமே இருக்கிறது. கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்சிப்படுத்தலாம் என்று விழாக் குழுவில் ஒரு யோசனை வந்தது. முப்பது வருடம் இரவல் வைத்திருந்தது போதும் என்று நாங்கள் சொல்லிவிட்டோம். வர்ணத்தில் பிரதியெடுத்துக் கட்டிய புத்தகந்தான் அலுமாரியில் இருக்கிறது, கறையான் தின்ற மூலை உட்பட.

பழைய மாணவியர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நூற்றாண்டுக்காகத் தயாரித்த பெயர்ப் பட்டியல் விடுகைப் பத்திரங்களை வைத்துத் தயாரிக்கப்பட்டது. 1990 ஒக்டோபரில் போனவர்களில் ஒருவரும் விடுகைப் பத்திரம் வாங்கிக்கொண்டு போகவில்லை. வள்ளத்தில் ஏறியவர்கள், இந்தியாவுக்குப் போய்த் திரும்பாதவர்கள் பலரும் அப்படித்தான். எங்கள் வகுப்பில் மட்டும் அப்படிப் பதினேழு பேரை எண்ணியிருக்கிறோம், அவர்களுள் பதினொரு பேரின் விலாசம் இப்போது கையில் இருக்கிறது. பழைய வரவு இடாப்புகள் இருந்தால் அவற்றை வைத்துப் பட்டியலைத் திருத்தலாம். செயலாளர் சம்மதித்திருக்கிறார், வரும் பொதுக்கூட்டத்தில் பிரேரணை வருகிறது. ரொறன்ரோவிலோ லண்டனிலோ சென்னையிலோ இந்த மலரை வாசிக்கும் அக்காமார், தங்கைமார் உங்கள் வகுப்பில் அப்படிப் போனவர்களின் பெயர்களை, அரைகுறையாக ஞாபகம் இருந்தாலும், எழுதி அனுப்புங்கள். அவளுடைய பட்டப்பெயர் மட்டுந்தான் தெரியும் என்றால் அதையாவது அனுப்புங்கள். எங்களைக் கண்டுபிடித்துத் தந்தது ஆணி அடித்த ஒரு கை.

கடைசியாக ஒரு அறிவித்தல். எங்கள் புத்தகத்தின் பிரதி போன தவணையே நூலகத்துக்கு வந்துவிட்டது. இரவல் பதிவேட்டில் அதை முதலில் எடுத்துப் போனவர் இப்போது ஐந்தாம் வகுப்பில் படிக்கும் ஒரு மாணவி. திருப்பிக் கொடுக்கவேண்டிய நாள் கடந்து மூன்று கிழமை ஆகிறது என்று நூலகப் பொறுப்பாசிரியை சொல்கிறார். மகள், அவசரமில்லை. முப்பது வருடம் எடுக்காதீர்கள், அவ்வளவுதான்.